எம்.என்.டி. வந்தபின் சத்தம், தொடுதல் எல்லாம் இரண்டு மடங்காகத் தெரிகிறது. யாருக்காவது இப்படி உண்டா?

தறிவீடு (கொண்டலாம்பட்டி, சேலம்)
ஜூன் 21

வணக்கம். வயது 54. மோட்டார் நியூரான் நோய் என்று டாக்டர்கள் பெயர் சொல்லி 2 வருடம் 4 மாதம் ஆகிறது. இதை இடது கட்டைவிரலால் மட்டும் அடிக்கிறேன். வலது கை போன தீபாவளியோடு சரி. நேற்றுக் காலை ஆரம்பித்த பதிவு இன்று சாயங்காலம்தான் முடிகிறது, அதனால் முன்னுக்குப் பின் ஒட்டாமல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தறிக்காரன். 16 வயதில் குழித்தறியில் உட்கார்ந்தேன், பிறகு விசைத்தறிக்கு மாறினேன், கடைசியில் சொந்தமாக நாலு தறி ஓட்டினேன். விசைத்தறிக் கொட்டகைக்குள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்தில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் காதுக்குள் கத்த வேண்டும். நாங்கள் கத்துவதுகூடக் கிடையாது, வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். ராத்திரி ஷிப்டில் தறி ஓட ஓட அதன் பக்கத்திலேயே சாக்கு விரித்துத் தூங்கியிருக்கிறேன். நூல் அறுந்து தறி நின்றால்தான் முழிப்பு வரும். ஒரு தடவை நாடா (ஊடு நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் கட்டை) தெறித்துத் தாடையில் அடித்து மூன்று தையல் போட்டார்கள். அன்றைக்குக்கூட நான் துள்ளவில்லை.

இப்போது சமையல்கட்டில் ஒரு டம்ளர் விழுந்தால் போதும். உடம்பு மொத்தமும் கட்டிலில் ஒரு சாண் எழும்பி விழுகிறது. கால் இரண்டும் கட்டை மாதிரி விறைத்து, மறுபடி தளர ஒரு நிமிடம் ஆகிறது. பயமா என்று கேட்கிறார்கள். பயமே இல்லை. டம்ளர்தான் விழுந்தது என்று எனக்குத் தெரிகிறது, உடம்புக்குத்தான் தெரியவில்லை. வீட்டுக்காரி பாவம், எவர்சில்வர் பாத்திரத்தையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு பிளாஸ்டிக் தட்டில் சோறு போடுகிறாள். முப்பது வருடம் சேர்த்த பாத்திரம்.

சத்தத்தோடு நிற்கவில்லை. போர்வையின் மடிப்பு ஒன்று தொடைக்கு அடியில் மாட்டினால் கூழாங்கல் மேல் படுத்த மாதிரி இருக்கிறது. மகன் பாதத்தைத் துடைக்கும்போது விரல் பட்டதும் குதிகால் தானாகத் துடிக்கிறது, டக டக டக என்று தையல் மெஷின் ஓடுவது போல. நிறுத்தச் சொன்னால் நான் எப்படி நிறுத்துவது? குளிக்க ஊற்றும் தண்ணீர் கொஞ்சம் ஆறியிருந்தாலும் தோலில் ஊசியாக இறங்குகிறது. காய்ந்த மிளகாய் தாளித்தால் தொண்டை கப்பென்று அடைக்கிறது, கொஞ்ச நேரம் மூச்சு உள்ளேயும் போவதில்லை வெளியேயும் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். போன வாரம் பேத்தி கடையில் இருந்து தட்டுவடை செட்டு வாங்கி வந்து, எனக்குத் தின்ன முடியாது என்று தெரிந்தும் "தாத்தாவுக்கு ஒண்ணு" என்று நீட்டினாள். நான் அழ ஆரம்பித்தேன். நிறுத்தவே முடியவில்லை. உள்ளே அவ்வளவு துக்கம் எல்லாம் இல்லை, சும்மா லேசாக மனசு இளகியது, அவ்வளவுதான். பிள்ளை பயந்துபோய்த் தட்டுவடையைக் கீழே போட்டுவிட்டது.

எனக்குப் பார்க்கும் டாக்டர் நல்லவர். ஆனால் இதைச் சொன்னால், "இந்த நோயில் இயக்க நரம்புதான் பாதிக்கும், உணர்வு நரம்பு நன்றாக இருக்கும், கவலைப்படாதீர்கள்" என்கிறார். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார், தெரியும். ஆனால் நெற்றியில் கொசு உட்கார்ந்து ஒவ்வொரு காலாக ஊன்றுவது தெரிகிறது, விரட்டக் கை எழவில்லை. உணர்வு நன்றாக இருப்பதுதானே ஐயா என் கஷ்டமே?

மாத்திரை: ரிலுசோல் 50 மில்லிகிராம் காலை மாலை, வெறும் வயிற்றில். விறைப்புக்கு பேக்லோபென்.

கேட்க வந்தது இதுதான். இந்த மாதிரி உங்களில் யாருக்காவது உண்டா, என்ன செய்கிறீர்கள்? அப்புறம் ஆடி வருகிறது. எங்கள் தெருமுனையில் மாரியம்மன் கோவில். சேலத்து ஆடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, கோட்டை மாரியம்மனில் ஆரம்பித்துக் குகை வண்டி வேடிக்கை வரைக்கும் ஊரே பம்பையும் மேளமும் வேட்டும்தான். ஏற்காட்டில் என் மச்சானுக்கு வீடு இருக்கிறது. "ஆடி முடியும் வரை மேலே வந்துவிடுங்க மாமா, ஒரு சத்தம் இருக்காது" என்கிறார். 20 கொண்டை ஊசி வளைவு, மேலே குளிர். போகலாமா?


நந்தியாவட்டை (செவ்வாய்ப்பேட்டை)
ஜூன் 22

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரர் இந்த நோயோடு 4 வருடம் இருந்தார். தவறி இரண்டு வருடம் ஆகிறது. டம்ளர், மடிப்பு, தாளிப்பு எல்லாம் அப்படியே எங்கள் வீட்டுக் கதை. எங்களுக்கும் முதலில் யாரும் சொல்லவில்லை, தட்டித் தடவிக் கற்றுக்கொண்டதுதான்.

வீட்டில் அண்ணியிடம் சொல்லுங்கள், தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். "இப்ப வலது கால் தூக்கறேங்க" என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் தூக்க வேண்டும். விரல் நுனியால் தொடக் கூடாது. உள்ளங்கை முழுக்கப் பதித்து, அழுத்தமாக, மெதுவாக. லேசாகத் தொடுவதுதான் இதமாக இருக்கும் என்று நான் ஆறு மாதம் இறகு மாதிரி தொட்டுத் தொட்டு அவரை வதைத்திருக்கிறேன். அவர் சொல்லவும் முடியாமல் கண்ணை மூடிக்கொள்வார்.

போர்வைக்கு ஒரு வழி. மாம்பழப் பெட்டியை ஒரு பக்கம் வெட்டிவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் கவிழ்த்து வைத்து, போர்வையை அதன் மேல் போடுங்கள். பாதத்தில் துணி படாது, குளிரும் அடிக்காது. இப்போது சீசன், லீ பஜார் பக்கம் கேட்டால் சும்மாவே தருவார்கள். விரிப்புக்குப் புதுத் துணி வேண்டாம், பத்து வருடம் துவைத்த பழைய வேட்டிதான் சரி. தையல் விளிம்பு உடம்புக்கு அடியில் வராமல் பாருங்கள். பகலிலும் கொசுவலை கட்டுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் யோசித்தேன். எவரும் ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்தாலும் கொசு கடிப்பது அவர்களை இல்லையே.

ஒரு விஷயம் மட்டும் நான் தலைகீழாகச் செய்தேன். எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. என் சின்ன மகள் காலில் எப்போதும் முத்துக் கொலுசு கிடக்கும். அவர் அதிர்கிறாரே என்று கொலுசைக் கழற்றி வைத்தேன். அதற்குப் பிறகு அவர் அதிர்வது கூடிவிட்டது. ஏன் என்று புரியவில்லை. பேச்சுப் போன காலம் அது, எழுத்துப் பலகையைக் கண்ணால் காட்டிக் காட்டி ஒரு மணி நேரத்தில் சொன்னார்: "கொலுசு போடு. வருவது தெரியும்." அதுதான் விஷயம். தூரத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரும் சத்தம் அவரை ஒன்றும் செய்யவில்லை. பூனை மாதிரி வந்து திடீரென்று பக்கத்தில் நின்றதுதான் தூக்கிப் போட்டது. அன்றிலிருந்து நானும் கொலுசு போட்டேன், 43 வயதில். குக்கருக்கும் அப்படித்தான், "விசில் வரப்போகுது" என்று இங்கிருந்தே குரல் கொடுப்பேன். அதிர்வது நிற்கவில்லை, ஆனால் பாதியாகக் குறைந்தது.

எவர்சில்வரைப் பரணில் இருந்து இறக்கச் சொல்லுங்கள். பாத்திரம் என்ன பாவம் செய்தது.


பசுமைவழி (சேலம்)
ஜூன் 22

ஐயா, எல்லாம் மனசுதான். பயத்தைக் குறைத்தால் உடம்பு அடங்கும். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் மூலிகை எண்ணெய் இருக்கிறது, மூன்று மாதத்தில் நரம்பு பழையபடி வரும். தனியாக எழுதுங்கள்.


தறிவீடு
ஜூன் 23

@பசுமைவழி: தம்பி, கோபம் இல்லை. மூச்சுப் பயிற்சி காலையில் செய்கிறேன், நல்லதுதான். எண்ணெய் மூன்று பேரிடம் வாங்கிவிட்டேன். மூன்று பேருமே மூன்று மாதம் என்றுதான் சொன்னார்கள். அதில் ஒரு தறியை விற்ற காசு போயிற்று. மிச்ச எண்ணெயை மகன் தறிக்குப் போடலாமா என்று பார்த்தான், அதற்கும் ஆகவில்லை.

@நந்தியாவட்டை: அம்மா, கொலுசு விஷயத்தைப் படித்ததும் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொன்னேன். படித்து முடித்துவிட்டு அவள் ஒன்றும் பேசவில்லை. பரணில் ஏறினாள்.


படிக்கட்டு (பிசியோதெரபி, அஸ்தம்பட்டி)
ஜூன் 24

அண்ணா, நான் டாக்டர் இல்லை, வீடுகளுக்குப் போய் பிசியோதெரபி செய்கிறவள். உங்கள் டாக்டர் சொன்னதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாகும் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

மூளையில் இருந்து தண்டுவடம் வரை ஓர் அடுக்கு இயக்க நரம்பு. தண்டுவடத்தில் இருந்து தசை வரைக்கும் இன்னோர் அடுக்கு. உங்கள் நோயில் இரண்டு அடுக்குமே நலிகின்றன. கீழ் அடுக்கு நலிந்தால் தசை சூம்பும், தோலுக்கு அடியில் புழு நெளிவது போலத் துடிக்கும். மேல் அடுக்குக்கு வேறொரு வேலை உண்டு, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. "அசை" என்று கட்டளை தருவது மட்டும் இல்லாமல், "இதற்கெல்லாம் அசையாதே" என்று தண்டுவடத்தை அடக்கி வைப்பதும் அதுதான். அது நலியும்போது கட்டளையும் போகிறது, அடக்குவதும் போகிறது. ஏற்காட்டு மலையில் இறங்கும் பஸ்ஸுக்குப் பிரேக் தேய்ந்த கதை. இன்ஜின் ஒன்றும் பலம் கூடிவிடவில்லை.

டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டிப் பார்த்திருப்பாரே, கால் எகிறியிருக்கும். சுத்தியல் எல்லாருக்கும் ஒரே சுத்தியல்தான், உதைதான் பெரிது. டம்ளரும் அதே மாதிரி. காதுக்குள் போகும் சத்தம் பழைய அளவுதான், உடம்பு தரும் பதில்தான் பெரிதாகிவிட்டது. திடுக்கிடுவது என்பது மூளைத்தண்டில் எல்லாருக்கும் உள்ள ஒரு அனிச்சைச் செயல். பயத்தால் வருவதில்லை என்று நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. அழுகையும் இந்தக் கணக்கில்தான் சேரும். அழுகை, சிரிப்பு இரண்டுக்கும் உள்ள பிரேக் தளர்ந்துவிட்டது. மனச்சோர்வு வேறு, இது வேறு. இதற்கு மாத்திரை உண்டு, டாக்டரிடம் "காரணம் சின்னது, அழுகை பெரியது" என்று இப்படியே சொல்லுங்கள். பேத்தியிடமும் சொல்லுங்கள், தாத்தாவுக்கு அழுகை விக்கல் மாதிரி வரும் என்று. குழந்தைகள் நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

போர்வை மடிப்பு வேறு வகை. நாமெல்லாம் தூங்கும்போதே ராத்திரி பூராவும் புரண்டுகொண்டு இருக்கிறோம், ஒரு மடிப்பு உறுத்தினால் அரை நிமிடத்தில் நகர்ந்துவிடுவோம். உங்கள் தோல் உறுத்துவதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, நகர்த்த ஆள் இல்லை. அதனால் கூழாங்கல் ஆகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது புண்ணுக்காக மட்டும் இல்லை, இதற்காகவும்தான்.

உணர்வு நரம்பு துளியும் மாறாது என்றும் சொல்லிவிட முடியாது. இந்த நோயாளிகளில் சிலருக்குத் தோலில் உள்ள மெல்லிய நரம்பு இழைகள் குறைந்திருப்பதை ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ 1869இல் விவரித்த காலத்தில் இருந்து இயக்க நரம்பு நோய் என்றே படித்து வந்ததால் இந்தப் பக்கம் பார்வை தாமதமாகத்தான் திரும்பியது. கை கால் நுனியில் மரத்துப் போவது, எரிச்சல் என்று இருந்தால் சர்க்கரை, பி12 இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ரிலுசோலில் சிலருக்கு வாயைச் சுற்றிக் குறுகுறுப்பு வரும், அது மருந்தின் வேலை. கல்லீரல் டெஸ்ட் ஒழுங்காக எடுக்கிறீர்கள்தானே?

குதிகால் துடிப்பு: முன்பாதத்தில் அழுத்தம் பட்டால்தான் அது கிளம்பும். பாதத்தைத் துடைக்கும்போது மகன் ஒரு கையால் குதிகாலைத் தாங்கிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது துடித்தால் முழங்கால் மேல் உள்ளங்கையை வைத்து நேர் கீழே அழுத்தினால், குதிகால் தரையில் பதிந்ததும் நின்றுவிடும். வீல்சேரின் கால் தட்டு ரொம்ப மேலே இருந்தால் நாள் முழுக்கத் துடிக்கும்.

விறைப்பும் அதிர்ச்சியும் திடீரென்று ஒரு வாரத்தில் கூடினால் நோய் கூடிவிட்டது என்று பதறாதீர்கள். முதலில் மலச்சிக்கல் இருக்கிறதா, சிறுநீர்த் தொற்று உண்டா, எங்காவது புண்ணா, கால் நகம் சதைக்குள் வளர்கிறதா என்று பாருங்கள். ஒரு பெரியவருக்கு அரைஞாண் கயிறு இறுக்கியதுதான் காரணம், அவிழ்த்ததும் பாதி விறைப்பு போயிற்று. பேக்லோபெனை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், ஒருநாளும் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். அந்த விறைப்பை வைத்துத்தான் சிலர் நிற்கிறார்கள், மருந்து அதிகமானால் கால் துவண்டுவிடும்.

தொண்டை அடைப்பது குரல்வளை இறுகுவதால். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் சில நொடிகளில், மிஞ்சினால் ஒரு நிமிடத்தில் தானே விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, லேசாக முன்னால் சாய்த்து, மூக்கு வழியாக மெதுவாக மூச்சு இழுக்கச் சொல்ல வேண்டும். முதுகில் தட்டித் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடிக்கடி வந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தாளிப்பைப் பின்கட்டுக்கு மாற்றிவிடுங்கள், வேறு வழியில்லை.


மூடுபனி (ஒண்டிக்கடை, ஏற்காடு)
ஜூன் 25

மச்சான் வீடு பற்றிக் கேட்டீர்கள், நான் மேலே இருந்து எழுதுகிறேன். எங்கள் அம்மாவுக்கு 3 வருடமாக இந்த நோய். வீடு காப்பித் தோட்டத்துக்குள்.

"ஒரு சத்தம் இருக்காது" என்று உங்கள் மச்சான் சொன்னது உண்மை. அதுதான் சிக்கல். சத்தமே இல்லாத இடத்தில் வருகிற ஒவ்வொரு சத்தமும் இடிதான். மத்தியானம் வீடே உறங்கும்போது தகரக் கூரையில் குரங்கு குதிக்கும் பாருங்கள், அம்மா அன்றைக்கு முழுக்க விறைத்தே கிடப்பார். கூரைக்குக் கீழே அட்டை அடித்தோம். குரங்குக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆடியில் இங்கே காற்றும் பனிமூட்டமுமாக இருக்கும். சேலத்தில் விசிறி போட்டுப் படுக்கிற நாளில் நாங்கள் கம்பளி தேடுவோம். குளிர் பட்டால் விறைப்பு கூடுகிறது, மிச்சமிருக்கும் கை பலமும் குறைகிறது. அம்மாவால் வெயில் நாளில் மணியை அழுத்த முடியும், மூட்டம் போட்ட நாளில் முடியாது. அதற்காகவே காலையில் கைக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டுத்தான் மணியைக் கையில் வைப்போம்.

வளைவுகளில் கழுத்துக்குப் பிடிமானம் இல்லாவிட்டால் தலை ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பக்கம் விழும். கழுத்துப் பட்டை போட்டு, பக்கத்தில் ஒருவர் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். குப்பனூர், கொட்டச்சேடு வழி சுற்றுதான், ஆனால் கூட்டம் குறைவு. சனி, ஞாயிறு மட்டும் வேண்டவே வேண்டாம், ஹாரன் சத்தத்திலேயே நீங்கள் பாதியாகிவிடுவீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் மூச்சு. ஏற்காடு 1500 மீட்டர் உயரம். உங்களுக்கு மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? காலையில் எழுந்ததும் தலைவலிக்கிறதா? பகலில் தூங்கி வழிகிறீர்களா? மூன்றில் ஒன்று இருந்தாலும் மூச்சுப் பரிசோதனை செய்யாமல் மலை ஏறாதீர்கள். அம்மாவுக்கு ராத்திரி மூச்சுக் கருவி மாட்டுகிறோம். இங்கே காற்றில் மரம் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது, இன்வெர்ட்டர் இல்லாமல் இருக்க முடியாது. ஏதாவது ஆனால் இருட்டில் 30 கிலோமீட்டர் கீழே இறங்க வேண்டும்.

நாங்கள் இருப்பது வேறு வீடு இல்லாததால். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வர மாட்டேன். மச்சானைக் காப்பித்தூளோடு கீழே வரச் சொல்லுங்கள்.


அதிர்வு (நெத்திமேடு)
ஜூன் 26

எனக்கு 31 வயது. என்னுடையதும் இந்தக் குடும்பத்து நோய்தான், ஆனால் வேறு கிளை. மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். ஊர் பெயரிலேயே நோய் இருக்கிறது பாருங்கள், சென்னை மருத்துவர்கள் 1970இல் எழுதியது. தென்னிந்தியாவில்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறார்கள். சின்ன வயதில் வரும், மெதுவாகப் போகும், பலருக்குக் காதும் போகும். எனக்கு 17 வயதில் கை, 20இல் காது. ஆக நீங்கள் டம்ளருக்குத் துள்ளுகிறீர்கள், எனக்கு இடி விழுந்தாலும் தெரியாது. இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்தால் சரியாக இருக்கும்.

ஆனால் ஆடி மேளம் எனக்குக் கேட்கும். நெஞ்செலும்பில் கேட்கும், கட்டில் காலில் கேட்கும். சத்தம் காற்றில் மட்டும் வருவதில்லை அண்ணா, தரை வழியாகவும் வருகிறது. உங்கள் கட்டில் தெருப்பக்கச் சுவரை ஒட்டி இருந்தால் முதலில் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பழைய டயரை வெட்டிக் கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் வையுங்கள். பஞ்சர் கடையில் கிடைக்கும். நான் தூக்கம் வருவதற்காகச் செய்தது, உங்களுக்கும் உதவலாம்.


தறிவீடு
ஆகஸ்ட் 14

எல்லாருக்கும் பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. நடுவில் கட்டைவிரலும் கொஞ்சம் மக்கர் செய்தது. இப்போது மகன் போனில் குரலை எழுத்தாக மாற்றும் வசதியைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். என் குழறலுக்கு அது பாதி வார்த்தையைத் தப்பாகப் போடுகிறது, "பாவு" என்றால் "பாம்பு" என்கிறது. மகன் திருத்தினான்.

மூடுபனி கேட்ட மூன்றில் எனக்கு இரண்டு இருந்தது. காலைத் தலைவலியை நான் டீ குடிக்காத தலைவலி என்று நினைத்திருந்தேன். மூச்சுப் பரிசோதனை செய்தோம், குறைந்துதான் இருக்கிறது. மலை வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ராத்திரிக்கு மூச்சுக் கருவி வந்திருக்கிறது. அதன் முகமூடி மூக்குத்தண்டில் படுவது முதல் வாரம் பெரிய இம்சை. வீட்டுக்காரி பழைய வேட்டித் துணியில் சின்னதாகத் திண்டு தைத்து வைத்தாள். இப்போது நாலு மணி நேரம் தாங்குகிறேன். தலைவலி போய்விட்டது. மச்சான் காப்பித்தூளோடு கீழே வந்தார். காப்பியை நான் குடித்தது இரண்டு ஸ்பூன், மிச்சத்தை மோந்து பார்த்ததோடு சரி, ஆனால் மோப்பம் இப்போதெல்லாம் எனக்குப் பிரமாதமாகத் தெரிகிறது.

பாதத்துக்குப் பெட்டி, கட்டிலுக்கு டயர், பகலில் கொசுவலை எல்லாம் ஆயிற்று. பேத்திக்கு ஒரு ஜோடி கொலுசு எடுத்தோம், சலங்கை நிறைய வைத்தது. அவள் இப்போது வேண்டுமென்றே வாசலில் நின்று நாலு தடவை காலைத் தட்டிவிட்டு, "தாத்தா, வரட்டா?" என்கிறாள். அழுகைக்கு மாத்திரை கொடுத்தார்கள். முழுக்க நிற்கவில்லை. பேத்தி "தாத்தாவுக்கு அழுவிக்கல்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஆடி பற்றி. திருவிழாவின் முதல் நாள் சாயங்காலம் பம்பை அடிக்க ஆரம்பித்ததும் முதல் அடிக்கு ஒரு தூக்கு, இரண்டாவது அடிக்கு ஒரு தூக்கு. வீட்டுக்காரி என் இரண்டு முழங்காலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது, நாலாவது அடிக்குள் தாளம் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. சத்தம் என்னவோ காதைப் பிளந்தது, உடம்பு கண்டுகொள்ளவில்லை. வேட்டுக்கு மட்டும் தப்பவில்லை, ராத்திரிக்குள் ஏழு தடவை தூக்கிப் போட்டது. கோவில் பையன்களிடம் மகன் போய்ப் பேசினான். எங்கள் வாசலில் வேண்டாம், குளத்துப் பக்கம் போடுகிறோம் என்றார்கள், போட்டார்கள், குளம் ஒன்றும் அவ்வளவு தூரம் இல்லை.

இரண்டாம் நாள் பம்பை அடிக்கும்போதே தூங்கிவிட்டேன் என்று சொல்கிறார்கள். எனக்கு அது தெரியாது. அடிக்கிறவர்கள் டீ குடிக்க நிறுத்தினார்களாம், அப்போதுதான் கண் திறந்தேன். தறி நின்றுவிட்டது, எந்தத் தறி, யார் போய்ப் பார்ப்பது என்று அரை நிமிடம் ஒன்றும் புரியவில்லை.

@நந்தியாவட்டை: பெட்டிக்கு 10 கிலோ அளவு பத்தவில்லை அம்மா, என் பாதம் நீளம். 20 கிலோ பெட்டிதான் சரியாக இருக்கிறது. மாம்பழம் முடிந்துவிட்டது, இது ஆப்பிள் பெட்டி. உள்பக்கத்து ஆணியைச் சுத்தியலால் மடக்கிவிட்டுத்தான் வைத்தோம், மற்றவர்களும் அதைப் பார்த்து வையுங்கள்.